நிறைந்து வரும் பஸ்ஸும் கல்லூரிக் கூடைப்பந்து வீரனும்

அக்கா மகன் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். ஆறடி இரண்டங்குல உயரம். கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறான். போன மாதம் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் ஒரு டீக்கடையில், அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவனைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. "லட்சத்துல ஒருத்தன்தான் மேல போவான். ஒழுங்கா படிக்கச் சொல்லு" என்றார் அவன் அப்பா, அதாவது என் அத்தான். "அதெல்லாம் சும்மா அத்தான். உழைச்சா என்.பி.ஏ.வே போலாம். ஜோர்டனையே பள்ளிக்கூட டீம்ல வேண்டாம்னுல்லா சொன்னாவ" என்றான் என் சித்தப்பா மகன். (அவன் சொன்ன ஜோர்டன், என்.பி.ஏ. என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஆடிப் புகழ்பெற்ற மைக்கேல் ஜோர்டன்.) பையன் டீயை ஆற்றிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

எந்த ஊரில் ஒரு பையன் நன்றாக ஆடினாலும் இந்த இரண்டு வசனமும் வந்துவிடும். இரண்டுக்குள்ளும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று சொன்னவருக்கே தெரியாது. வாய்ப்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள், அந்தக் கணக்கு ஒரு குறிப்பிட்ட பையனைப் பற்றி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். கூடைப்பந்து தெரியாதவர்களும் படிக்கலாம். வகுக்கத் தெரிந்தால் போதும்.

சேரன்மகாதேவி ஸ்டாப்பிங்

நான் கல்லூரிக்குப் போன காலத்தில் சேரன்மகாதேவியில் பஸ் ஏறுவேன். பாபநாசத்தில் கிளம்பி, விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் என்று வழியெல்லாம் ஆள் ஏற்றிக்கொண்டு வரும் பஸ். எங்கள் ஊருக்கு வரும்போது உட்கார்ந்திருப்பவர் மடியில் நிற்பவரின் பை இருக்கும். பஸ்ஸில் ஐம்பது சீட் உண்டுதான். அந்த ஐம்பதால் எனக்கு என்ன பிரயோஜனம்? சேரன்மகாதேவியில் எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பதுதான் எனக்குக் கணக்கு. சப்-கலெக்டர் ஆபீசில் வேலையாக வந்தவர்கள் நாலு பேர் இறங்கினால் நாலு சீட். ஸ்டாப்பில் நாற்பது பேர் நின்றால் பத்தில் ஒருவருக்கு உட்கார இடம் கிடைக்கும்.

விளையாட்டில் வாய்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சீட்டை எண்ணுகிறார்கள். இறங்குகிறவர்களை எண்ணுவதில்லை.

அமெரிக்காவின் பெரிய தொழில்முறைக் கூடைப்பந்து லீக் என்.பி.ஏ. அதில் 30 அணிகள். ஒவ்வொரு அணியும் 15 பேரை முழு ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆக, 450 சீட். இது போக அணிக்கு மூன்று பேர் வீதம் இன்னும் 90 பேர் 'டூ-வே' ஒப்பந்தத்தில் இருப்பார்கள். அதாவது பாதி நாள் பெரிய அணியிலும் மீதி நாள் அதன் பயிற்சி லீக்கிலும் ஆடுகிறவர்கள். இவர்களைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவருக்கான குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதிதான் இவர்களுக்கு.

450 என்பது பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அந்த 450இலும் ஏற்கனவே ஆள் உட்கார்ந்திருக்கிறான். என்.பி.ஏ.வில் ஒருவர் சராசரியாக நாலரை வருடம் தாக்குப்பிடிப்பார் என்று சொல்வார்கள். 450ஐ நாலரையால் வகுத்தால் 100. வருடத்துக்குச் சுமார் 100 சீட்தான் காலியாகிறது. அந்த நூறுக்கு அமெரிக்கா மட்டுமல்ல, செர்பியா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நைஜீரியா எல்லாம் ஸ்டாப்பில் நிற்கின்றன.

நாலரை என்பது சராசரிதான். ஒரே சீசனில் இறக்கிவிடப்படுகிறவர்கள் நிறையப் பேர். இன்னொரு பக்கம் லெப்ரான் ஜேம்ஸ் 2003இல் ஏறினார், இருபது வருடம் கழித்தும் ஜன்னலோர சீட்டிலேயே இருந்தார். அவர் ஒருவர் இறங்காமல் இருந்ததில் நாலு பையன்களின் முழு வாழ்க்கை அடங்கிவிடும். அவர் மேல் தப்பில்லை. காசு கொடுத்து ஏறியவர்.

பெண்கள் லீக்கில் இந்த நெருக்கடி இன்னும் பளிச்சென்று தெரியும். டபிள்யூ.என்.பி.ஏ.வில் 2024 வரை 12 அணிகள்தான், அணிக்கு அதிகபட்சம் 12 பேர். மொத்தம் 144 சீட். ஆனால் வருடாவருடம் 36 பெண்களைப் புதிதாகத் தேர்ந்தெடுத்தார்கள். 144இல் 36 பேர் ஒவ்வொரு வருடமும் இறங்குவார்களா என்ன? பெயர் வாசித்து, மேடையில் தொப்பி மாட்டி, போட்டோ எடுத்து, அடுத்த மாதம் பயிற்சி முகாமிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் பலர்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வாய்ப்பு என்பது காலியாகும் இடத்தை நிற்கும் ஆட்களால் வகுத்தால் வருவது. மொத்த இடத்தை வகுத்தால் கணக்கு நாலைந்து மடங்கு நல்லதாகத் தெரிந்து ஏமாற்றும்.

டிராஃப்ட் என்றால் என்ன

கல்லூரியிலிருந்து என்.பி.ஏ.வுக்கு ஏறும் முன்வாசலுக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். வருடத்துக்கு ஒரு முறை 30 அணிகளும் முறை வைத்து ஆளுக்கொரு வீரர் பெயரைச் சொல்லும். இரண்டு சுற்று. அதனால் 60 பெயர். அபராதமாக ஓர் அணி தன் முறையை இழந்தால் ஒன்றிரண்டு குறையும்.

ஐ.பி.எல். ஏலத்தோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஏலத்தில் காசு அதிகம் சொன்னவருக்கு ஆள். டிராஃப்டில் முறை யாருடையதோ அவருக்கு ஆள். தெருவில் டீம் பிரிக்கும்போது இரண்டு கேப்டன்கள் மாறி மாறிக் கூப்பிடுவார்களே, அது மாதிரி. போன வருடம் மோசமாகத் தோற்ற அணிகளுக்கு முதலில் கூப்பிட அதிக வாய்ப்பு கொடுத்திருக்கிறார்கள். வீரருக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது.

டிராஃப்டில் பெயர் வந்துவிட்டால் சீட் கிடைத்துவிட்டது என்று நினைப்பதுதான் நான் பார்த்ததில் அதிகம் நடக்கும் தப்பு. முதல் சுற்று 30 பேருக்கு முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் வருகிறவர்களுக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. அவர்கள் கையில் இருப்பது டிக்கெட் இல்லை, டோக்கன்.

நமக்குத் தெரிந்த உதாரணம் சத்னம் சிங். பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்துப் பையன், ஏழடி இரண்டங்குலம். 2015 டிராஃப்டில் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது பெயராக அவரைக் கூப்பிட்டது. இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் வந்த முதல் ஆள். அன்றைக்கு நம் டி.வி.க்கள் எல்லாம் 'என்.பி.ஏ.வில் இந்தியர்' என்று போட்டன. ஆனால் அவர் ஒரு என்.பி.ஏ. ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. பயிற்சி லீக்கில் ஆடினார், பிறகு ஊர் திரும்பினார், பின்னாளில் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவர் எந்தக் கல்லூரியிலும் ஆடியவர் இல்லை. 2010இலேயே, பதினாலு வயதில், உதவித்தொகையோடு ஃப்ளோரிடாவில் ஒரு விளையாட்டு அகாடமிக்குப் போய்விட்டார்.

மறுபக்கமும் உண்டு. டிராஃப்டில் பெயர் வராமலேயே பின்வாசலில் ஏறியவர்கள் இருக்கிறார்கள். பென் வாலஸை 1996இல் யாரும் கூப்பிடவில்லை. 2021இல் கூடைப்பந்துப் புகழரங்கில் அவர் பெயர் ஏறியது. ஃப்ரெட் வான்வ்லீட்டையும் 2016இல் யாரும் கூப்பிடவில்லை. மூன்று வருடத்தில் டொராண்டோ அணியோடு கோப்பையைத் தூக்கினார்.

ஒரு சின்ன வேடிக்கை. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள ஒருவர் 22 வயதாகும் வருடத்தில் தானாகவே டிராஃப்டுக்குத் தகுதி பெற்றுவிடுவார் என்பது விதி. அப்படிப் பார்த்தால் எனக்கு 22 ஆன வருடம், ஜங்ஷனில் வேலை தேடித் திரிந்துகொண்டிருந்த நானும் தகுதி பெற்றவன்தான். அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யாராவது 'பையன் டிராஃப்டுக்குத் தகுதி ஆயிட்டான்' என்று பெருமையாகச் சொன்னால் இது நினைவுக்கு வரட்டும்.

1.2 சதவீதம் யாருடையது?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய சங்கம் என்.சி.ஏ.ஏ. கல்லூரி வீரர்கள் கனவிலேயே இருந்துவிடக் கூடாது என்று அவர்களே ஒரு கணக்கு வெளியிடுகிறார்கள். பள்ளியில் கூடைப்பந்து ஆடும் பையன்கள் சுமார் 5.4 லட்சம். என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளில் ஆடுகிறவர்கள் சுமார் 18,800. ஒரு வருடத்தில் படிப்பு முடித்து டிராஃப்டுக்கு நிற்பவர்கள் சுமார் 4,200. அதில் பெயர் வருகிறவர்கள் ஐம்பது சொச்சம். ஆக, சுமார் 1.2 சதவீதம்.

இப்படி ஒரு கூட்டத்தில் மொத்தமாக எத்தனை பேருக்கு ஒன்று நடக்கிறது என்ற விகிதத்தை 'அடிப்படை விகிதம்' என்பார்கள். எந்த வாய்ப்புக் கணக்கையும் தொடங்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் இதிலேயே நின்றுவிடக் கூடாது.

பள்ளியில் கூடைப்பந்து ஆடும் பத்தாயிரம் அமெரிக்கப் பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். 100க்கு மூன்றரை பேர் கல்லூரி அணிக்கு வருகிறார்கள் என்றால் 350 பேர். அதில் 1.2 சதவீதம் என்றால் நாலு பேர். லட்சத்துக்கு நாற்பது. அத்தான் சொன்ன 'லட்சத்தில் ஒருத்தன்' அமெரிக்கப் பையனுக்குப் பொருந்தாது. நம் பையனுக்கோ அதுகூடத் தாராளம்: இந்தியக் கல்லூரியில் ஆடி, அங்கிருந்து நேராக என்.பி.ஏ. ஆட்டத்தில் இறங்கியவர் இதுவரை யாரும் கிடையாது.

இங்கேதான் அடுத்த விஷயம் வருகிறது. குற்றாலத்தில் அருவியில் தண்ணீர் விழ எவ்வளவு வாய்ப்பு என்று சென்னைக்காரர் ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? வருடம் முழுவதையும் கூட்டி வகுத்து ஒரு சதவீதம் சொல்லலாம். ஆனால் உள்ளூர்க்காரர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். 'எந்த மாசம் வாறீய?' என்றுதான் முதலில் கேட்பார். ஜூலை என்றால் ஒரு பதில், ஏப்ரல் என்றால் வேறு பதில். இப்படி 'இது உண்மை என்றால், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு' என்று கேட்பதற்கு 'நிபந்தனை வாய்ப்பு' என்று பெயர். பெயர்தான் பெரிது. நாம் தினமும் செய்வதுதான்.

1.2 சதவீதமும் அப்படி வருடக் கணக்குதான். என்.சி.ஏ.ஏ.வுக்குள்ளேயே மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள். டிராஃப்டில் வரும் கல்லூரி வீரர்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்த முதல் பிரிவுக்காரர்கள், அதிலும் பெரிய கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள். அங்கே ஆடும் ஒரு பெயர் பெற்ற பையனுக்கு வாய்ப்பு 1.2ஐ விடப் பல மடங்கு. மூன்றாம் பிரிவுப் பையனுக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டு பேரையும் சேர்த்து வகுத்து வந்த 1.2 இரண்டு பேருக்குமே சொந்தமில்லை.

கிட்டத்தட்ட என்று சொன்னதற்குக் காரணம் டங்கன் ராபின்சன். மூன்றாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் தொடங்கி, மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 2018 டிராஃப்டில் யாரும் கூப்பிடாமல், மயாமி அணியில் டூ-வே ஒப்பந்தத்தில் கம்பியைப் பிடித்து ஏறி, 2021இல் ஐந்து வருடத்துக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார். இப்படிக் கதைகள் நடக்கும். அவை ஏன் இவ்வளவு காதில் விழுகின்றன என்பதற்கு வருகிறேன், அதற்கு முன்னால் உயரம்.

ஆறடி இரண்டு என்ற பிரச்சினை

அக்கா மகனை எட்டாம் வகுப்பில் பி.டி. வாத்தியார் கூடைப்பந்துக்கு இழுத்ததே உயரத்துக்காகத்தான். 'ரிங்குக்குக் கீழே நில்லு, வர்ற பந்தைப் பிடி, போடு.' ஏழு வருடமாக அவன் செய்வது அதுதான். வளையம் தரையிலிருந்து பத்தடி. கையைத் தூக்கிக் குதித்தால் தொட்டுவிடுவான். நம் மாவட்ட டோர்னமென்டுகளில் அவன் உயரமான ஆள், அதனால் வளையத்தை ஒட்டி நிற்கும் 'சென்டர்'.

என்.பி.ஏ. வீரர்களின் சராசரி உயரம் சுமார் ஆறடி ஆறங்குலம். அங்கே ஆறடி இரண்டு என்பது குட்டை. அந்த உயரத்தில் இருப்பவர்கள் வளையத்துக்குக் கீழே நிற்க மாட்டார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு எதிராளிகளுக்கு நடுவே புகுந்து போகிறவர்கள், தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறிகிறவர்கள் அவர்கள்தான். பையனுக்கு இடது கையில் பந்து தட்டவே வராது. யாரும் சொல்லித்தரவில்லை, தேவைப்படவும் இல்லை.

இதை என்.பி.ஏ.வரை கொண்டுபோக வேண்டாம். சென்னையில் ஒரு மாநில முகாமுக்குப் போனாலே ஆறடி ஐந்து, ஆறடி ஆறு என்று நாலு பேர் நிற்பார்கள். அங்கேயே அவன் சென்டர் இல்லை.

வாய்ப்பு படிப்படியாகக் குறைவதன் உண்மையான இயந்திரம் இதுதான் என்று நினைக்கிறேன். அரிசியைச் சலிக்கும்போது பெரிய கண் சல்லடையில் தங்கியதெல்லாம் பெரிய மணி. அதை அடுத்த சல்லடையில் போட்டால், எல்லாமே பெரிய மணிதான், பெரிதாக இருப்பதால் மட்டும் ஒரு மணிக்கு லாபமில்லை. கீழ்ப்படியில் ஒருவனைத் தனித்துக் காட்டிய குணம் மேல்படியில் எல்லோரிடமும் இருக்கும். உயரத்தால் வந்தவன் உயரத்தால் மேலே போக முடியாது. அடுத்த படிக்கு வேறு ஏதாவது வேண்டும். அந்த வேறு ஏதோ ஒன்றைக் கீழ்ப்படியிலேயே, தேவைப்படாதபோதே, பழகியிருக்க வேண்டும். நம் பள்ளிகளில் இதைச் செய்வதில்லை, ஏனென்றால் அடுத்த சனிக்கிழமை நடக்கும் மண்டலப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். வாத்தியாரையும் குறை சொல்ல முடியாது. அவரிடம் கோப்பையைத்தான் கேட்கிறார்கள்.

வயதும் ஒரு சல்லடை. அமெரிக்கப் பையன் 19 வயதில், கல்லூரியில் ஒரே வருடம் ஆடிவிட்டு டிராஃப்டுக்குப் போகலாம். முதலில் கூப்பிடப்படுகிறவர்களில் பலர் அந்த வயதுக்காரர்கள்தான். 'டிகிரியை முடிச்சிட்டு அப்புறம் முயற்சி பண்ணலாம்' என்பது நமக்கு நிதானமான யோசனை. அங்கே 22 வயதுக்காரரைப் பார்த்து, 'இவர் வளர்வதற்கு இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது' என்று கேட்பார்கள்.

கொடைக்கு வரும் கார்

நம் ஊர்களில் கோயில் கொடைக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, சென்னையிலிருந்து அண்ணாச்சிகள் காரில் வந்து இறங்குவார்கள். மளிகைக்கடையில் பொட்டலம் மடிக்கும் பையனாகப் போனவர், இன்று மூன்று கடை, பெரிய கார், கொடைக்கு முதல் வரி அவருடையது. அவரைப் பார்த்து, சென்னைக்குப் போய்க் கடை போட்டால் பிழைத்துவிடலாம் என்று ஊர் முடிவுகட்டும். கடையை மூடிவிட்டுக் கடனோடு வந்தவரும் அதே கொடையில்தான் இருக்கிறார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருப்பார், அவரை யாரும் 'எப்படி இருக்கு பிசினஸ்' என்று கேட்பதில்லை. பிழைத்தவர்களை மட்டும் பார்த்துக் கணக்குப் போடும் இந்தத் தப்பைப் 'பிழைத்தவர் சாய்வு' என்று சொல்லலாம்.

மைக்கேல் ஜோர்டன் கதை இந்த வகைதான். வாட்ஸ்அப்பில் வரும் வடிவம்: பள்ளி அணியிலிருந்து விரட்டப்பட்டார், அழுதார், உழைத்தார், உலகை வென்றார். நடந்தது இவ்வளவு நாடகம் இல்லை. 1978இல் வில்மிங்டன் நகரத்து லேனி பள்ளியில், பத்தாம் வகுப்பு வயதில், அவரைப் பெரிய அணிக்குப் பதிலாக இளையோர் அணியில் போட்டார்கள். பெரிய அணிக்கு அப்போது உயரமான ஆள் தேவைப்பட்டது, வேறொரு பையனை எடுத்தார்கள். அந்த வயதுப் பையன்களுக்குச் சாதாரணமாக நடப்பதுதான் அது. அதே வருடம் அமெரிக்கா முழுக்க ஆயிரக்கணக்கான பையன்கள் இளையோர் அணிக்குப் போயிருப்பார்கள், போனதை மறந்தும் இருப்பார்கள். அவர்களைப் பற்றி யார் ஃபார்வர்ட் அனுப்புவது?

சித்தப்பா மகன் சொன்னதில் உழைப்பு என்ற பகுதி தப்பில்லை. மேலே போனவர்கள் எல்லோரும் உழைத்தவர்கள். போகாதவர்களிலும் பெரும்பாலோர் உழைத்தவர்கள்தான். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை.

இதுவரை மூன்று விஷயம் கையில் இருக்கிறது: காலியாகும் இடத்தை எண்ணுவது, எந்தக் கூட்டத்தின் சதவீதம் என்று கேட்பது, கண்ணில் படாதவர்களையும் கணக்கில் சேர்ப்பது. இவற்றை வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வரலாம்.

'தொழில்முறை' என்று எதைச் சொல்கிறோம்?

டீக்கடை வாக்குவாதத்தில் இரண்டு பேரும் 'மேல போறது' என்றார்கள். மேலே என்றால் எங்கே? என்.பி.ஏ.வா? அதற்குக் கீழே பயிற்சி லீக் இருக்கிறது, சீசனுக்கு நாற்பதாயிரம் டாலர் அளவில் சம்பளம். ஸ்பெயின், துருக்கி, ஆஸ்திரேலியா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் லீக்குகள் இருக்கின்றன. இந்தியாவின் விசேஷ் பிருகுவன்ஷிக்கு 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு அணி ஒப்பந்தம் கொடுத்தது. நொய்டா பக்கத்து என்.பி.ஏ. அகாடமியில் பயின்ற பிரின்ஸ்பால் சிங், 2021இல் சேக்ரமென்டோவின் கோடைகால லீக் அணியில் இருந்தார். அமெரிக்காவில் கல்லூரியே இப்போது பாதித் தொழில்முறை: 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கலாம்.

இந்தியாவில் சம்பளம் கொடுக்கும் லீக் தொடங்குவதும் நிற்பதுமாக இருக்கிறது. 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. லீக் சில சீசன்களோடு நின்றது. பிறகு 2022இல் ஐ.என்.பி.எல். வந்தது, அதில் சென்னை ஹீட் என்று ஓர் அணியும் இருந்தது. ஒரு பையன் இருபது வருடத்துக்கு நம்பி இறங்கும் அளவுக்கு இன்னும் வேர் பிடிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே நெல்லைப் பக்கத்துப் பையனுக்குத் தொழில்முறை என்றால் நடைமுறையில் ஒரே அர்த்தம்தான்: ஆட்டத்தால் கிடைக்கும் வேலை. ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, வருமான வரி, காவல்துறை, ராணுவம். காலையில் ஆபீஸ், சாயங்காலம் கோர்ட், வருடத்துக்கு நாலைந்து டோர்னமென்ட். தமிழ்நாடு அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

இப்போது பஸ் கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். என்.பி.ஏ.வில் ஆட்டம் முடிந்தால் ஆள் இறங்கிவிடுவார், நாலரை வருடத்தில் சீட் காலி. துறை அணியில் 35, 36 வயதில் ஆட்டம் நிற்கும். ஆனால் வேலை, ராணுவம் தவிர்த்து, 60 வயது வரை. அவர் ஜெர்சியைக் கழற்றினாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். எழுந்திருக்கவும் கூடாது, அதற்காகத்தான் இருபது வருடம் முழங்காலைத் தேய்த்தார். ஆகவே அணியில் ஆள் தேவை என்பதால் மட்டும் வேலை அறிவிப்பு வராது. துறை இடம் ஒதுக்கி அறிவித்தால்தான் வரும். சில இடங்களில் வேலை தராமல் மாத உதவித்தொகைக்கு மட்டும் ஆடவைப்பதன் காரணமும் இதில் இருக்கிறது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடலாம். மாநிலத்தில் பத்துத் துறை அணிகள், அணிக்குப் பன்னிரண்டு பேர், ஒருவர் பன்னிரண்டு வருடம் ஆடுகிறார் என்று வைத்தால் வருடத்துக்குப் பத்து இடம். பாதி வருடங்களில் அறிவிப்பே வராமல் போனால் அதுவும் ஐந்துதான். அந்த ஐந்துக்குச் சென்னை, கோயம்புத்தூர்ப் பையன்களும் நிற்கிறார்கள். எண்கள் என் கற்பனை, ஆனால் வகுக்கும் முறை இதுதான். நீங்கள் விசாரித்து உண்மையான எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். அண்ணா ஸ்டேடியத்தில் சாயங்காலம் போய் நின்றால் துறை அணியில் ஆடிய ஒருவராவது கிடைப்பார், கேளுங்கள்.

படிவம் 3

இதில் நான் சொந்தமாக அடிபட்டேன். மூன்று வருடம் கல்லூரி அணியில் ஆடினேன். சான்றிதழ்கள் ஒரு ஃபைல் நிறைய இருந்தன. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்து, ஃபைலோடு போனேன். கவுன்டரில் இருந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இதுல எதுவும் செல்லாது தம்பி" என்று அப்படியே திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான்.

மத்திய அரசு வேலைக்கான விதிகளில் விளையாட்டுச் சான்றிதழுக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடினால் படிவம் 1. தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடினால் படிவம் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் பல்கலைக்கழகத்துக்காக ஆடினால் படிவம் 3. தேசியப் பள்ளி விளையாட்டில் மாநிலப் பள்ளி அணிக்கு ஆடினால் படிவம் 4. கல்லூரிகளுக்கு இடையில் ஆடி வாங்கிய கோப்பைக்கு இந்த வரிசையில் இடமே இல்லை. 'காலேஜ் டீம்' என்பதும் 'யுனிவர்சிட்டி டீம்' என்பதும் பேச்சில் ஒன்றாகிவிடும். கவுன்டரில் ஒன்றாகாது.

நம் பகுதிக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று நாலு மாவட்டக் கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன. முப்பது கல்லூரிகள் கூடைப்பந்து அணி இறக்கினால் 360 பையன்கள். பல்கலைக்கழக அணியில் பன்னிரண்டு பேர். கனவுக் கணக்குகளில் என்.பி.ஏ. வரை போய்விட்டு வருகிறோம், ஆனால் பையனின் முன்னால் இருக்கும் அடுத்த ஸ்டாப் இதுதான்.

போன வாரம் அவனுக்குப் போன் போட்டேன். செலக்‌ஷன் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டியில் அடுத்த மாதம் என்றான். இடது கைப் பழக்கம் எப்படிப் போகிறது என்று கேட்டேன், பேச்சை மாற்றினான். சரி, போன வருட யுனிவர்சிட்டி டீமில் கடைசி வருடம் படித்து முடித்துப் போனவர்கள் எத்தனை பேர் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை, விரல்விட்டு எண்ணுகிறான் என்று தெரிந்தது.

"அஞ்சு பேரு மாமா" என்றான். "அதுல சென்டர் ஒருத்தன்தான். மிச்ச நாலு பேரும் வெளிய நின்னு எறியுறவங்க."